சூடான பிளேஸ்டேஷன் 3: இரண்டு தடவை கழற்றிய கதை

சரியாக 27-வது நிமிடத்தில் அணைந்தது. மூன்று தடவை 'பீப்' என்று கத்திவிட்டு, முகப்பில் சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு, அக்கா பையனின் கார் கடைசிச் சுற்றுக்குள் நுழைந்த நேரத்தில்.

"ரெண்டு நாளா இப்படித்தான் மாமா. முதல்ல ஹெலிகாப்டர் மாதிரி கத்தும். அப்புறம் பொட்டுனு ஆஃப் ஆயிடும்."

"முதல் நாளே சொல்ல வேண்டியதுதானேடா?"

"சொன்னா எடுத்து வச்சிருவீங்க."

எடுத்துத்தான் வைத்திருப்பேன். மே மாதம், பள்ளி விடுமுறை, சென்னை வெயில். ஹாலில் தொங்கும் வெப்பமானி காலை 11 மணிக்கே 35 டிகிரி காட்டியது. பெட்டி 2011-ல் வாங்கிய சோனியின் வீடியோ கேம் கருவி பிளேஸ்டேஷன் 3, ஸ்லிம் வகை, 2500 வரிசை, 160 ஜிபி. முதல் வேலையில் மிச்சம் பிடித்து வாங்கியது. மூன்று வீடு மாறியும் கூடவே வந்துவிட்டது. சில வருஷங்களாக டிவி அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்து, கோடை விடுமுறைக்கு மட்டும் உயிர் பெறும்.

உடனே இன்னொரு தடவை பட்டனை அழுத்தினேன். எழுந்து, சில நொடிகளில் மறுபடி படுத்துவிட்டது. கால் மணி நேரம் விட்டு அழுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. இது ஒரு வகையில் நல்ல செய்தி. ஆறிய பிறகு எழுந்துகொள்கிறது என்றால், சிக்கல் சூடு வெளியேறும் பாதையில் இருக்கிறது. காலையில் முதல் தடவை அழுத்தும்போதே பச்சை, ஒரு கணம் மஞ்சள், உடனே சிவப்பு என்று மாறி நின்றுவிட்டால் அது வேறு நோய். இந்தப் பெட்டியை வைத்திருப்பவர்கள் எல்லோரும் பயப்படும் 'மஞ்சள் விளக்கு' அதுதான். அதற்கு, சிப்பின் மேல் சூடு கடத்தத் தடவியிருக்கும் பேஸ்ட்டை மாற்றுவது மருந்தில்லை.

கொஞ்சம் பின்கதை. 2006 நவம்பரில் வந்த முதல் பிளேஸ்டேஷன் 3, அந்தக் குண்டுப் பெட்டி, ஆடும்போது 200 வாட் பக்கம் மின்சாரம் குடிக்கும். உள்ளே செல் என்ற முக்கிய சிப்பும் ஆர்எஸ்எக்ஸ் என்ற கிராபிக்ஸ் சிப்பும் 90 நானோமீட்டர் அளவில் செய்யப்பட்டவை. 2009 செப்டம்பரில் ஸ்லிம் வந்தபோது செல் 45 நானோமீட்டருக்குச் சுருங்கியிருந்தது, மின்செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. என்னுடைய பெட்டியை வாட் மீட்டரில் மாட்டிப் பார்த்தேன். ஆடும்போது 80-க்கும் 88-க்கும் நடுவே ஓடியது. குறைவுதான். ஆனால் இரண்டு 40 வாட் குண்டு பல்புகளை எரியவிட்டு, டிபன் கேரியரில் வைத்து மூடி, அதை ஒரு அலமாரித் தட்டில் தள்ளியிருப்பதாக நினைத்துப் பாருங்கள். என் வீட்டு ஏற்பாடு ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

எதையும் கழற்றும் முன் அளந்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். முன்பு ஒரு மிக்ஸியைத் தேவையில்லாமல் கழற்றி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதில் வந்த ஞானம் அது. பிளேஸ்டேஷன் 3-ல் சிப் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று பார்க்க வழி கிடையாது. மாற்று மென்பொருள் ஏற்றியவர்களுக்குத் திரையிலேயே தெரியும், என்னுடையதில் கம்பெனி மென்பொருள்தான். அதனால் மல்டிமீட்டரோடு வந்த, நுனியில் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் வயரை எடுத்து, பின்பக்கம் காற்று வெளிவரும் கிராதிக்கு முன்னால் அதன் நுனி பிளாஸ்டிக்கில் படாமல் காற்றில் நிற்கும்படி செலோ டேப்பால் ஒட்டினேன். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டேன். சோதனைக்கு ஒரே ஆட்டம், ஒரே டிராக்: இருபது கார் ஓடும் மழைநேரப் பந்தயம். அக்கா பையனுக்கு இப்படி ஒரு வேலை கிடைக்கும் என்று கனவிலும் தோன்றியிருக்காது.

அலமாரிக்குள் வைத்தபோது 27 நிமிடம், காற்று 61 டிகிரி. வெளியே எடுத்து, தரையில் நான்கு மரக்கட்டை மேல் வைத்தபோது 52 நிமிடம், காற்று 59 டிகிரி. இரண்டிலும் ஃபேன் கடைசிப் பத்து நிமிடம் உச்சத்தில் அலறியது. ஆனால் கிராதிக்கு முன்னால் கை வைத்தால் வந்த காற்று, தூங்குகிறவன் மூச்சு மாதிரி இருந்தது. அவ்வளவு சத்தத்துக்கு இவ்வளவுதான் காற்றா?

சரி, அலமாரியும் குற்றவாளிதான், ஆனால் முழுக் குற்றவாளி அது இல்லை. ஃபேன் சுற்றுகிறது, காற்று வெளியே வரவில்லை, வருகிற கொஞ்சமும் கொதிக்கிறது. நடுவில் ஏதோ அடைத்திருக்கிறது.

திறப்பதற்கு முந்தைய இரவு, சேமித்த ஆட்டங்களை எல்லாம் பென் டிரைவில் நகல் எடுத்தேன். சில ஆட்டங்கள் நகல் எடுக்க விடாது, அவை போனால் போனதுதான். இதைச் செய்யாமல் யாரும் ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீர்கள். இந்தப் பெட்டியின் ஹார்ட் டிஸ்க் அந்தந்த மதர்போர்டுக்கே உரிய பூட்டோடு எழுதப்பட்டது. போர்டு செத்தால் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியிலோ கணினியிலோ மாட்டிப் படிக்க முடியாது. டிஸ்க் டிரைவும் அப்படித்தான், அதன் சர்க்யூட் இந்த மதர்போர்டோடு ஜோடி சேர்ந்தது. நண்பன் வீட்டுப் பெட்டியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினால் ஆட்டத் தட்டைப் படிக்காது.

மறுநாள், சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவுக்குப் போனேன். தேவை மூன்று: நடுவில் ஓட்டை உள்ள நட்சத்திர பிட், துடைக்க ஐஸோபுரொப்பைல் ஆல்கஹால், சிப்புக்கும் அதன் சூட்டை வாங்கும் ஹீட் சிங்க் என்ற உலோகத் தகட்டுக் கட்டுக்கும் நடுவே தடவ தெர்மல் பேஸ்ட்.

"ண்ணா, ஹீட் சிங்க் பேஸ்ட் இருக்கா?"

ஒரு வெள்ளை டியூபை எடுத்துப் போட்டார். பிறகு என் கையில் இருந்த பிட்டைப் பார்த்தார். "எதுக்கு சார்?"

"பிளேஸ்டேஷனுக்கு."

டியூபைத் திரும்ப எடுத்து உள்ளே வைத்துவிட்டார். "இது டிரான்சிஸ்டருக்குத் தடவுறது சார். ஆம்ப்ளிஃபயர்காரங்க வாங்குவாங்க. சிப்புக்கு இதைப் போட்டா ஒரு மாசத்துல திரும்ப வந்து என்னைத்தான் திட்டுவீங்க." சாம்பல் நிறப் பேஸ்ட், ஊசிக்குழாயில் 4 கிராம் உள்ளதைக் கொடுத்தார். விலை வெள்ளை டியூபைப் போல ஏழெட்டு மடங்கு. மலிவானதை விற்காமல் நிறுத்திய கடைக்காரரை அபூர்வமாகத்தான் பார்க்கிறோம்.

கழற்றும் வேலையில் பெரிய தலைவலி ஸ்க்ரூக்கள்தான். நீளமும் தலையும் வேறு வேறு, இடம் மாறினால் போர்டைத் துளைத்துவிடும் நீளத்தில் சில உண்டு. அம்மாவின் குழிப்பணியாரச் சட்டியை எடுத்து வந்தேன். ஒவ்வொரு அடுக்கில் கழற்றியதும் ஒவ்வொரு குழியில். முதல் குழியில் ஹார்ட் டிஸ்க்கின் நீலத் தலை ஸ்க்ரூ. இரண்டாவதில் அடிப்பக்கத்து நீள ஸ்க்ரூக்கள். இப்படிச் சுற்றிவந்தால் மாட்டும்போது தலைகீழ் வரிசை தானாகவே கிடைக்கும். இதைவிட நல்ல கருவியை நான் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை.

"நல்லா கழுவி வச்சிடு. வெள்ளிக்கிழமை பணியாரம் சுடணும்" என்றார் அம்மா. அவ்வளவுதான் எதிர்ப்பு.

மேல்மூடி வந்ததும் டிஸ்க் டிரைவைத் தூக்கினேன். அதன் கீழே ரிப்பன் கேபிள், பட்டையாக, காகிதம் போல. அதன் பூட்டு ஒரு சின்னக் கறுப்பு இமை, நகத்தால் மேலே தூக்கிவிட்டால் கேபிள் தானே கழன்று வரும், இழுத்தால் கிழியும். அவசரக்காரர்கள் உயிரை விடும் இடம் இது. அடுத்து பவர் சப்ளை. அதன் டப்பாவை நான் திறப்பதில்லை. வீட்டு 230 வோல்ட் நேராக உள்ளே போகிற இடம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து பிரஷ்ஷால் தூசி தட்டியதோடு சரி.

அந்த டப்பாவுக்கும் சுவருக்கும் நடுவே மூலையில், பட்டாணி அளவில் இரண்டு வெள்ளை ஓடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பல்லி முட்டை. குஞ்சு பொரித்துப் போய்விட்ட வெற்று ஓடு. அதுவும் வெதுவெதுப்பான இடமாகப் பார்த்துத்தான் குடிவந்திருக்கிறது.

மதர்போர்டு, அதன் தகரக் கவசம், ஹீட் சிங்க், ஃபேன் எல்லாம் ஒரே கட்டாக வெளியே வந்தது. ஃபேனைக் கழற்றியதும் பதில் கண்ணுக்கு முன்னால் இருந்தது. ஃபேனிலிருந்து காற்று நுழையும் பக்கம் அலுமினியத் தகடுகளே தெரியவில்லை, அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி. ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஓரத்தைத் தூக்கினால் முழுப் பட்டையாக, தோசை மாதிரி உரிந்து வந்தது. வெறும் தூசி இப்படி ஒட்டாது. விரலில் எடுத்து உருட்டினேன், உருண்டையானது. முகர்ந்தேன். சாம்பிராணி.

செவ்வாய், வெள்ளி சாயந்திரம் தூபக்காலோடு அம்மா எல்லா அறைக்கும் போவார். இரவில் கொசுவர்த்திச் சுருள் வேறு. மழைக்காலத்தில் ஈரம் சேர்ந்துகொள்ளும். புகையின் பிசுக்கு தகட்டில் படிய, துணி நூலும் தூசியும் அதில் ஒட்ட, வருஷக்கணக்கில் நெய்யப்பட்ட கம்பளி இது. கம்பெனியையோ சிப்பையோ சொல்ல ஒன்றுமில்லை, முழுக்க முழுக்க எங்கள் வீட்டுத் தயாரிப்பு.

பட்டையைக் கையால் உரித்து, மிச்சத்தை பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, பால்கனிக்குக் கொண்டுபோய் ப்ளோயரால் ஊதினேன். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று வேகத்தில் அதைச் சுழல விட்டால் பேரிங் கெடும். போர்டில் மாட்டியிருக்கும்போது அப்படிச் செய்தால் மோட்டாரே டைனமோ ஆகி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும்.

அப்புறம் பேஸ்ட். போர்டின் மறுபக்கம் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு எஃகுப் பட்டை, பட்டைக்கு இரண்டு ஸ்க்ரூ. அவைதான் ஹீட் சிங்க்கை சிப்பின் மேல் அழுத்திப் பிடிக்கின்றன. அவற்றைக் கழற்றிப் பிரித்தேன். பழைய பேஸ்ட் காய்ந்து, தொட்டால் விபூதி மாதிரி உதிர்ந்தது. ஆல்கஹாலில் நனைத்த, மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியால் சிப்பின் உலோக மூடி பளபளக்கும்வரை துடைத்தேன். பழைய பனியனால் துடைக்காதீர்கள், நூல் விடும்.

இங்கே ஒரு கேள்வி வரும். அந்த உலோக மூடிக்குக் கீழேயும் ஒரு அடுக்கு பேஸ்ட் இருக்கிறது. அதுவும் வயதானதுதான். மூடியைச் சுற்றியுள்ள பசையைப் பிளேடால் அறுத்து, திறந்து, உள்ளேயும் மாற்றுகிறவர்கள் உண்டு. நான் செய்யவில்லை. பிளேடு ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் சிப்பின் பலகையில் இருக்கும் கம்பிகள் அறுந்துபோகும். ஆர்எஸ்எக்ஸின் மூடிக்குள் கிராபிக்ஸ் சிப்பைச் சுற்றி மெமரி சிப்புகளும் உட்கார்ந்திருக்கின்றன. 200 வாட் குண்டுப் பெட்டி என்றால் அந்த ஆபத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. 85 வாட் ஸ்லிம்முக்கு, மற்ற எல்லாம் செய்தும் தீரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

சின்ன விஷயம் ஒன்றையும் செய்தேன். தகரக் கவசத்துக்கும் போர்டில் உள்ள சில குட்டி சிப்புகளுக்கும் நடுவே மெத்து மெத்தென்று, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் துண்டுகள் இருக்கும். பிரிக்கும்போது அதில் ஒன்று இரண்டாகக் கிழிந்தது. லேப்டாப்புக்கு வாங்கிய மிச்சம் வீட்டில் இருந்தது. அதை வெட்டி வைத்தேன். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், அமுங்கியது. சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கடிகாரத்துக்கான சிஆர்2032 பேட்டரியையும் மாற்றி, பணியாரச் சட்டியின் கடைசிக் குழியிலிருந்து முதல் குழிவரை திரும்ப வந்தேன். இரண்டரை மணி நேரம். முதுகு போச்சு. பட்டனை அழுத்தினேன். பச்சை. தேதி மட்டும் பின்னால் போயிருந்தது, திருத்தினேன். பந்தயம் ஆரம்பம்.

எட்டாவது நிமிடம் ஃபேன் ஏறத் தொடங்கியது. பன்னிரண்டில் அலறல். 19-வது நிமிடத்தில் மூன்று பீப்.

கழற்றும் முன்பு 52 நிமிடம் ஓடியது, கழற்றித் துடைத்து, விலை உயர்ந்த பேஸ்ட் போட்ட பின்பு 19 நிமிடம்! பையன் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டான். திரும்பி வந்தபோது கையில் குளியல் துண்டு.

"மாமா, வீடியோல பார்த்தேன். துண்டைச் சுத்தி கொஞ்ச நேரம் ஓடவிட்டா சரியாயிடுமாம்."

இந்தத் துண்டு வைத்தியத்தின் பூர்வீகம் மைக்ரோசாஃப்டின் கேம் பெட்டியான எக்ஸ்பாக்ஸ் 360. அதில் சிவப்பு வளையம் எரிந்து பெட்டிகள் சாய்ந்த காலத்தில் பரவியது. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தப் பழுதுக்கு மட்டும் உத்தரவாதத்தை மூன்று வருஷமாக நீட்டி, அதற்கென 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. துண்டைச் சுற்றிச் சூடாக்கினால், சிப்பைப் போர்டோடு ஒட்டவைத்திருக்கும் சால்டர் என்ற உலோகப் பற்று உருகி விரிசல் ஒட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. இவற்றில் உள்ள ஈயம் இல்லாத சால்டர் உருகுவதற்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். துண்டால் அது முடியாது, அந்தச் சூட்டில் முதலில் பிளாஸ்டிக்தான் உருகும். பல பெட்டிகளில் விரிசல் இருந்தது போர்டில்கூட இல்லை, சிப்புக்குள்ளேயே, சிலிக்கானுக்கும் அதன் பலகைக்கும் நடுவே உள்ள நுண்ணிய சால்டர் குமிழ்களில். சூடாகி விரியும்போது அவை சற்று நேரம் தொட்டுக்கொள்ளும். ஆறிச் சுருங்கினால் மறுபடி பழைய கதை. ஹீட் கன் அடித்து 'ரெடி' என்று கொடுக்கும் வேலையும் பெரும்பாலும் இதே ரகம்தான். நம்முடையதுக்கு அந்த நோயே கிடையாது, சூடு தாங்காத பெட்டிக்குக் கம்பளி போர்த்துவதா என்று கேட்டுத் துண்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

ஆனால் அவன் போனபிறகு நோட்டைப் பார்த்தபோதுதான் விஷயம் உறைத்தது. வெளிவந்த காற்று 46 டிகிரி. முன்பு 59, 61. காற்று குளிர்ந்திருக்கிறது, பெட்டியோ முன்பைவிடச் சீக்கிரமே சுருண்டு விழுகிறது.

முதலில் குழம்பினேன். பிறகு ஒரு காகிதத்தில் கணக்கு போட்டேன். பெட்டி எரிப்பது அதே 85 வாட்தான். முன்பு தகடு அடைத்திருந்ததால் காற்று கொஞ்சம், அந்தக் கொஞ்சக் காற்றே அவ்வளவு சூட்டையும் சுமந்ததால் 60 டிகிரி. இப்போது தகடு சுத்தம், ஃபேன் உச்சத்தில், காற்று தாராளம். அதனால் டிகிரி இறங்கியது. அந்தப் பக்கம் எல்லாம் சரி. அப்படியும் சிப் கொதிக்கிறது என்றால், சிப்பிலிருந்து தகட்டுக்குப் போகும் வழியில்தான் எங்கோ பாலம் உடைந்திருக்கிறது. அந்தப் பாலத்தைக் கட்டியது நான்.

பலவீனமான காற்று, கொதிக்கும் காற்று என்றால் அடைப்பு. வேகமான காற்று, வெதுவெதுப்பான காற்று, ஆனாலும் அணைகிறது என்றால் சிப்பும் ஹீட் சிங்க்கும் சரியாகத் தொடவில்லை. தெர்மோகப்பிள் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் '61 போய் 46 ஆச்சு, வேலை முடிஞ்சது' என்று நானே எனக்கு சர்டிபிகேட் கொடுத்திருப்பேன். எண்ணோடு ஃபேன் சத்தத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இரண்டாம் தடவை கழற்ற 40 நிமிடம்தான் ஆனது. கை பழகிவிட்டது. எஃகுப் பட்டையைக் கழற்றி ஹீட் சிங்க்கை மெதுவாக, பக்கவாட்டில் நகர்த்தாமல் நேராகத் தூக்கினேன். சாட்சி அங்கேதான் இருந்தது. ஆர்எஸ்எக்ஸின் மேல் பேஸ்ட் சீராக, மெல்லியதாக, ஜவ்வு மாதிரி பரவியிருந்தது. செல்லின் மேல் ஒரு பக்கம் மட்டும் நசுங்கிப் பரவி, எதிர்ப்பக்கத்து மூலையில் நான் ஊசிக்குழாயால் வைத்த புள்ளி வைத்தபடியே நின்றது. வட்டம் கலையாமல், நடுவில் ஊசி தூக்கிய இடத்தில் சின்னக் கூம்போடு, யாரும் மிதிக்காத கோலப்புள்ளி மாதிரி. ஹீட் சிங்க் அந்த மூலையைத் தொடவே இல்லை.

எது தடுத்தது? அந்த மூலைக்கு அருகில்தான் நான் வைத்த புது பேட். பழைய பேடின் கிழிந்த துண்டை நல்ல வேளையாகத் தூக்கிப் போடவில்லை. அதன் அமுங்காத ஓரத்தைக் காலிப்பரில் அளந்தேன், 1 மில்லிமீட்டர். நான் வைத்தது 1.5. அரை மில்லிமீட்டர்! கட்டைவிரலுக்கு அமுங்கிய பேட், தகரக் கவசத்துக்கு அமுங்கவில்லை. கவசத்தை ஒரு பக்கம் தூக்கிவிட்டது, அதோடு சேர்ந்து ஹீட் சிங்க்கும் சாய்ந்துவிட்டது. போதாக்குறைக்கு, எஃகுப் பட்டையின் ஒரு ஸ்க்ரூவை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததைத் தொட்டிருக்கிறேன். சாய்வுக்கு அதுவும் துணை போயிருக்கும்.

மறுபடி ரிச்சி தெரு. 1 மில்லிமீட்டர் பேட். கடைக்காரர் பார்த்துச் சிரித்தார், பேஸ்ட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

இந்த முறை மூடுவதற்கு முன் ஒரு ஒத்திகை. சிப் இரண்டிலும் லேசாகப் பேஸ்ட் தடவி, கவசத்தையும் ஹீட் சிங்க்கையும் வைத்து, பட்டைகளை முடுக்கி, உடனே திரும்பக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு சிப்பின் மூடியிலும் நான்கு மூலைக்கும் பேஸ்ட் போய்ச் சேர்ந்திருந்தது. துடைத்துவிட்டு நிஜமாகவே போட்டேன். பேஸ்ட்டின் அளவு பற்றி ஆளுக்கொரு மதம் உண்டு: பட்டாணி, பெருக்கல் குறி, முழுக்கத் தடவுவது. மூடி சமமாக இருந்து அழுத்தம் சரியாக இருந்தால் எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும் என்று இப்போது தோன்றுகிறது. நான் பழைய ஏடிஎம் அட்டையால் மெல்லியதாகத் தடவிவிட்டேன். ஸ்க்ரூக்களை, கார் சக்கரத்தின் நட்டு முடுக்குவது போல, இதில் கால் சுற்று அதில் கால் சுற்று என்று மாற்றி மாற்றி.

பையன் இம்முறை ஆட வரவில்லை. "நீங்களே ஆடுங்க மாமா" என்று தள்ளி உட்கார்ந்துகொண்டான். நான் ஆடினேன். மழையில் முதல் வளைவிலேயே சுவரில் மோதினேன். அவனுக்குப் பொறுக்கவில்லை, ஐந்து நிமிடத்தில் கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டான்.

20 நிமிடம். 30. ஒரு மணி நேரம். ஃபேன் ஒரு படி ஏறியது, அங்கேயே நின்றது. மேலே ஓடும் சீலிங் ஃபேன் சத்தத்தில் அது கேட்கவே இல்லை. காற்று 51 டிகிரி, அறை 34. கவனியுங்கள், தோற்றுப்போன முதல் முயற்சியைவிட காற்று 5 டிகிரி கூடுதல். ஃபேன் மெதுவாகச் சுற்றியே சிப் அடங்கிவிட்டதால் காற்று நிதானமாக வருகிறது, நிதானமாகச் சூட்டைச் சுமக்கிறது. மூன்று மணி நேரம் ஓடவிட்டோம். சாப்பாட்டுக்கு அம்மா கூப்பிட்டதால்தான் அணைத்தோம்.

அலமாரியை மட்டும் அப்படியே விட மனசில்லை. கீழ்த்தட்டின் பின்பலகையில் வாளால் ஒரு அடி நீளத்துக்கு ஜன்னல் மாதிரி வெட்டிவிட்டு, பெட்டியை முன்பக்கம் நான்கு விரல் தள்ளி வைத்தேன். அங்கே 55 டிகிரி வருகிறது, ஃபேன் இன்னொரு படி ஏறுகிறது, ஆனால் அணைவதில்லை. நான் திருப்தி. பையன் அலமாரியை நம்பாமல், ஆடும்போதெல்லாம் வெளியே எடுத்து மரக்கட்டை மேல்தான் வைக்கிறான்.

வெள்ளிக்கிழமை பணியாரம் ஆனது. சட்டியை நான்தான் தேய்த்தேன், இரண்டு தடவை. சாயந்திரம் தூபக்காலோடு அம்மா ஹாலுக்கு வந்தார். சாம்பிராணிதான் அந்தக் கம்பளியை நெய்தது என்று அவரிடம் காட்டியிருந்தேன், அந்த உருண்டையை முகர்ந்தும் பார்த்திருந்தார். வாசலிலேயே நின்று பெட்டியைப் பார்த்தார். பிறகு, கொடியில் கிடந்த குளியல் துண்டை எடுத்து, புகை உள்ளே போகாதபடி பெட்டியை நாலாபக்கமும் பொத்தி நன்றாகப் போர்த்திவிட்டார்.

"பாட்டி, ஆன்ல இருக்கு!" என்று கத்திக்கொண்டே பையன் கன்ட்ரோலரைப் போட்டுவிட்டு ஓடினான்.